பிழைச்செய்தியைப் படிக்கக் கற்போம்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

வெள்ளி விழா மேடையிலே பேசுவதற்குப் பெரிய பொருள்கள் பல உண்டு. எனக்கு முன் பேசிய அறிஞர்கள் அவற்றைச் சிறப்பாக எடுத்துரைத்தார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட தலைப்போ மிகவும் சிறியது. கணினியில் ஒரு மென்பொருளை நிறுவ முயலும்போது, அதற்குத் துணையாக வேண்டிய பிற மென்பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் திரையிலே பிழைச்செய்தி தோன்றுமானால் என்ன செய்வது என்பதே அத்தலைப்பு. 'இதற்கு ஒரு சொற்பொழிவா?' என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நம் வகுப்பை விட்டு மாணவர்கள் நின்றுபோன காரணங்களை எண்ணிப் பார்த்தால், இச்சிறிய பொருளுக்கும் அவற்றுள் ஓர் இடம் உண்டு என்பதை நான் கண்டிருக்கின்றேன்.

இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களுள் பெரும்பாலோர் தம் குடும்பத்திலே முதன்முதலாகக் கணினியைத் தொட்டவர்கள். 2011 ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது; அதன் பின்னரே நம் வீடுகள் பலவற்றில் கணினி நுழைந்தது. கருவி வந்துவிட்டது. ஆனால், அக்கருவி முரண்டு பிடிக்கும்போது அருகில் நின்று, 'அஞ்சாதே, இஃது ஒன்றுமில்லை, இப்படிச் செய்' என்று கூறும் அண்ணனோ, சித்தப்பாவோ, மாமாவோ நம் வீடுகளில் இல்லை. அந்த இடத்தைக் கழகந்தான் நிரப்ப வேண்டும். அக்கடமையில் ஒரு சிறு பங்கை இன்று நான் ஆற்ற விழைகின்றேன்.

ஒரு மாணவியின் கணினி

2024 ஆம் ஆண்டின் இறுதியில், ஓர் அலுவலகத்தார் தாம் பயன்படுத்தி முடித்த பத்துக் கணினிகளை நம் மாலை வகுப்பிற்கு அன்பளிப்பாகத் தந்தனர். அவற்றில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் 20.10 ஆம் பதிப்பு இருந்தது. புள்ளியியல் பயிற்சிக்கு வேண்டிய மென்பொருளை அவற்றில் நிறுவும் பொறுப்பைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருத்தி தானே முன்வந்து ஏற்றுக்கொண்டாள்.

முதற் கணினியில் அவள் கட்டளையை இட்டாள். 'இக்களஞ்சியத்தில் ரிலீஸ் கோப்பு இல்லை' என்றும், '404, காணப்படவில்லை' என்றும் வரிகள் தோன்றின. அவள் இணையத்தில் தேடினாள். புதிய பதிப்பின் களஞ்சிய முகவரியை எழுதிச் சேர்த்துவிட்டால் போதும் என்று எவரோ கூறியிருந்தார், அவ்வாறே சேர்த்தாள். இப்போது வேறொரு செய்தி வந்தது: 'பின்வரும் பொதிகளின் சார்புகள் நிறைவேறவில்லை.' மீண்டும் தேடினாள். எதையும் பொருட்படுத்தாமல் வலிந்து நிறுவுமாறு பணிக்கும் ஒரு கட்டளையை வேறொருவர் எழுதியிருந்தார். அதையும் இட்டாள். கணினியின் உயிர்நாடியான சி நூலகம் அரைகுறையாக மாற்றப்பட்டது. அதன் பின் அக்கணினி எழவே இல்லை.

மறுநாள் அவள் வகுப்பிற்கு வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. தோழி ஒருத்தியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: 'கழகத்துக் கணினியை நான் கெடுத்துவிட்டேன். அதற்கு ஈடு கட்ட எங்கள் வீட்டில் பணம் இல்லை.'

அன்பர்களே! அந்தச் செய்தியைக் கேட்ட நாள்தொட்டு இப்பொருளைப் பற்றி விரிவாகப் பேசிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அவள் கதையின் முடிவைப் பின்னர்ச் சொல்கின்றேன். அதற்கு முன், அக்கணினியில் உண்மையில் நிகழ்ந்தது யாது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பொதியும் சார்பும்

ஆங்கிலத்தில் 'பேக்கேஜ்' என வழங்குவதை நாம் பொதி எனலாம். ஒரு மென்பொருளின் கோப்புகளையும், அஃது எப்பதிப்பு, அதற்கு வேறு எவை தேவை என்னும் குறிப்பையும் சேர்த்துக் கட்டிய மூட்டையே பொதி. ஒரு பொதி இயங்க மற்றொரு பொதி வேண்டுமாயின், அதனைச் 'சார்பு' என்கிறோம். கதவு மாட்டுவதற்கு நிலை வேண்டும். நிலை நிற்பதற்குச் சுவர் வேண்டும். சுவர் எழுவதற்குக் கடைகால் வேண்டும். கதவைக் கேட்டவனுக்குக் கடைகாலிலிருந்து எல்லாவற்றையும் முறையாக அமைத்துத் தரும் மேஸ்திரியே பொதி மேலாளர் எனப்படும் மென்பொருள்.

இந்த மேஸ்திரி தொடக்கத்திலிருந்தே இருந்தவர் அல்லர். 1993 ஆம் ஆண்டு இயன் மர்டாக் என்பவர் டெபியன் என்னும் இயங்குதளத் திட்டத்தைத் தொடங்கினார். அதன் டி.பி.கே.ஜி. என்னும் கருவி, ஒரு பொதிக்கு இன்னது குறைகிறது என்று சொல்லும். ஆனால், குறைவதைத் தேடிக் கொணராது. தேடும் பாடு பயன்படுத்துவோர்க்கே உரியதாயிற்று. 1999 ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்பில் 'ஏப்ட்' என்னும் கருவி இடம்பெற்ற பின்னரே, சார்புகளைத் தானே கணக்கிட்டுக் கொண்டுவரும் வசதி அங்கு ஏற்பட்டது. பின்னர்ப் பைத்தான் மொழிக்கு 2008 இல் 'பிப்' என்னும் கருவியும், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2010 இல் 'என்.பி.எம்.' என்னும் கருவியும் தோன்றின.

பெயர்கள் பலவாயினும் தொழில் ஒன்றே. எந்தப் பொதி மேலாளரும் நான்கு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, களஞ்சியத்தில் என்னென்ன உள்ளன என்னும் பட்டியலைப் படிக்கிறது. இரண்டாவது, எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு எதனோடு பொருந்தும் என்று கணக்கிடுகிறது. மூன்றாவது, அவற்றை இறக்கிக் கொணர்ந்து, பழுதின்றி வந்தனவா என்று சரிபார்க்கிறது. நான்காவது, உரிய இடத்தில் அமர்த்துகிறது. மாணவர்களே, இந்நான்கையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். திரையில் எத்தனை வரிகள் ஓடினாலும், பிழை பெரும்பாலும் இந்நான்கு வாயில்களுள் ஒன்றில்தான் நிகழ்ந்திருக்கும். எந்த வாயில் என்று கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வாயில்: பட்டியல்

'பொதியைக் காண இயலவில்லை' என்று செய்தி வந்தால், முதலில் எழுத்துப் பிழையைப் பாருங்கள். அடுத்து, 'ஏப்ட் அப்டேட்' என்னும் கட்டளையால் பட்டியலைப் புதுப்பித்தோமா என்று பாருங்கள். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு புதிய சரக்கைத் தேடினால் கிடைக்காது. மூன்றாவதாக, அப்பொதி நாம் திறந்துவைத்திராத ஒரு பிரிவில் இருக்கலாம். உபுண்டுவில் 'யுனிவர்ஸ்' என்னும் பிரிவு அடைபட்டிருந்தால் ஆயிரக்கணக்கான பொதிகள் கண்ணுக்குத் தென்படா.

பிப் கருவி, 'இத்தேவையை நிறைவு செய்யும் பதிப்பு எதுவும் கிடைக்கவில்லை' என்று கூறுவதுண்டு. பொதியே இல்லை என்பது அதன் பொருளன்று. உங்கள் கணினியில் உள்ள பைத்தான் பதிப்பிற்கோ, அக்கணினியின் வகைக்கோ ஏற்ற பொதி இல்லை என்பதாகவும் இருக்கலாம். டென்சர்ஃபுளோ போன்ற பெரிய பொதிகள், அன்றைக்கு வெளியான புதிய பைத்தான் பதிப்பிற்கு உடனே ஆயத்தமாகிவிடுவதில்லை. ஆகவே, 'பைத்தான் பதிப்பு எது?' என்னும் கேள்வியே உங்கள் முதற் கேள்வியாக இருக்கட்டும்.

பழைய கணினிகளில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. தாய்ப்பலகையில் நாணயம்போல் ஒரு சிறு மின்கலம் இருக்கும். அது தீர்ந்துவிட்டால் கணினி நாளையும் நேரத்தையும் மறந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியில் கணினி நிற்கும்போது, களஞ்சியம் அனுப்பும் சான்றிதழ் இனிமேல்தான் செல்லுபடியாகும் என்று அது எண்ணிக்கொள்ளும். பட்டியலை ஏற்க மறுக்கும். இதனைப் பெரிய பழுது என்று எண்ணி இயங்குதளத்தையே அழித்துவிட்டவர்களை நான் அறிவேன். தேதியைத் திருத்தி, அந்தச் சிறு மின்கலத்தை மாற்றினால் தீர்ந்துவிடும்.

இனி, நம் மாணவி கண்ட 404 என்னும் செய்திக்கு வருவோம். உபுண்டுவின் 20.10 ஆம் பதிப்பு 2020 அக்டோபரில் வெளிவந்தது. அத்தகைய இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம் மட்டுமே ஆதரவு உண்டு. 2021 ஜூலையில் அதன் காலம் முடிந்தது. காலம் முடிந்த இடைக்காலப் பதிப்புகளின் பொதிகளை வழக்கமான களஞ்சியத்திலிருந்து எடுத்துப் பழைய வெளியீடுகளுக்கென உள்ள வேறொரு களஞ்சியத்திற்கு மாற்றிவிடுவார்கள். குடிபெயர்ந்தவரின் பழைய வீட்டு வாசலில் நின்று அவள் கதவைத் தட்டியிருக்கிறாள்! அவள் இட்ட கட்டளையில் எழுத்துப் பிழைகூட இல்லை.

இரண்டாம் வாயில்: கணக்கு

நால்வகையிலும் மிகுதியாகக் குழப்புவது இதுவே. எனவே இதில் சற்று நின்று பார்ப்போம்.

மென்பொருளின் பதிப்பைப் பெரும்பாலும் 2.4.1 என்பதுபோல் மூன்று எண்களால் குறிப்பர். இறுதி எண் மாறினால் பழுது திருத்தம். நடு எண் மாறினால் புதிய வசதி. முதல் எண் மாறினால் பழைய முறைகள் சில செல்லாமற் போயின என்பது பொதுவான மரபு. எல்லாரும் இம்மரபைச் செவ்வனே காப்பதில்லை என்பதும் உண்மையே.

ஒரு நிலையில் ஒரே அளவுக் கதவைத்தான் மாட்ட இயலும். தச்சர் ஒருவர் மூன்றடிக் கதவு வேண்டும் என்கிறார். மற்றொருவர் நான்கடி வேண்டும் என்கிறார். இருவரும் தத்தம் அளவில் சரியே. ஆனால், நிலை ஒன்றுதான். இதனையே பதிப்பு முரண் என்கிறோம். ஓர் உண்மையான எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். நம்பை என்பது பைத்தானில் எண்கணக்கிற்கான அடிப்படைப் பொதி. அதன் 2.0 பதிப்பு 2024 ஜூன் மாதம் வெளிவந்தது. அதற்கு முந்தைய நம்பையை வைத்து உருவாக்கப்பட்ட பல பொதிகள், புதியதோடு சேர்ந்து இயங்க மறுத்தன. 'நம்பை 1 கொண்டு தொகுக்கப்பட்ட கூறு, நம்பை 2 இல் இயங்காது' என்னும் கருத்துடைய செய்தியைக் கண்டு உலகெங்கும் மாணவர்கள் திகைத்தனர். தீர்வுகள் இரண்டே. சார்ந்திருக்கும் பொதியைப் புதியதாக்குவது ஒன்று. பாண்டாஸ் என்னும் பொதியானால் 2.2.2 பதிப்பிலிருந்து புதிய நம்பையோடு பொருந்தும். அது முடியாவிடில், நம்பையை 2 க்குக் கீழ்ப்பட்ட பதிப்பில் நிறுத்திவைப்பது மற்றொன்று. செய்தியை முழுதும் படித்தவர்களுக்கு இவ்விரண்டும் அதிலேயே கிடைத்தன.

இக்கணக்கு எளிதன்று என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பொதிகளும் பதிப்புகளும் பெருகப் பெருக, ஆராய வேண்டிய சேர்க்கைகள் கட்டுக்கடங்காமல் பெருகும். கணினியியலில் மிகக் கடினமானவை என்று வகுக்கப்பட்ட சிக்கல்களின் வரிசையில் இதுவும் ஒன்று. பிப் கருவி பல ஆண்டுகள் இக்கணக்கை முழுமையாகப் போடாமல், முதலில் கண்டதை வைத்துக்கொண்டு சென்றது. 2020 நவம்பரில் வந்த 20.3 பதிப்பிலிருந்துதான் முரணைக் கண்டு நின்று, 'தீர்வு இயலாது' என்று வெளிப்படையாகக் கூறத் தொடங்கியது. அதே ஆண்டில் வந்த என்.பி.எம். 7 ஆம் பதிப்பும் அவ்வாறே கண்டிப்பாயிற்று. 'முன்பு ஓடியது, இப்போது ஓடவில்லையே' என்று பலர் சலித்துக்கொண்டனர். முன்பு முரண் மறைந்து கிடந்தது. இப்போது வெளியே தெரிகிறது. மறைந்திருக்கும் நோயைவிடத் தெரிந்த நோய் மேலல்லவா?

ஆகவே, முரண் தோன்றினால் ஒரு தாளை எடுங்கள். எந்தப் பொதி, எதனை, எந்தப் பதிப்பில் கேட்கிறது என்று இரண்டு வரிசையாக எழுதுங்கள். பிழைச்செய்தி அதனைச் சொல்லியே இருக்கும். இரண்டு கோரிக்கைகளும் ஒத்துப்போகும் பதிப்பு ஒன்று உண்டா என்று பாருங்கள். இல்லையெனில், இரண்டு வேலைகளுக்கும் வெவ்வேறு அறைகளை அமையுங்கள். பைத்தானில் இதனை மெய்நிகர்ச் சூழல் என்பர். 'வென்வ்' என்னும் கட்டளையால் உருவாக்கலாம். ஓர் அறையில் மூன்றடிக் கதவு, அடுத்த அறையில் நான்கடிக் கதவு, சண்டை தீர்ந்தது.

2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதலாகப் புதியதொரு செய்தியையும் காண்கிறோம்: 'இச்சூழல் வெளியிலிருந்து மேலாளப்படுகிறது' என்று கூறிப் பிப் நின்றுவிடும். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானைச் சார்ந்திருப்பதால், அதனைக் கலைக்க வேண்டா என்று தடுக்கும் வேலி அது. அவ்வேலியைத் தாண்டவும் ஒரு கட்டளைச் சொல் உண்டு. அச்சொல்லின் பொருளே 'இயங்குதளப் பொதிகளை உடை' என்பதாகும். அவ்வளவு தெளிவாக எழுதிவைத்த பின்னும் அதனை இடுவோர் பலர்! ஒரு மெய்நிகர்ச் சூழலை உருவாக்கிக்கொண்டால் வேலியைத் தொடவே வேண்டியதில்லை.

மூன்றாம், நான்காம் வாயில்கள்

மூன்றாம் வாயிலில் நேர்வன பெரும்பாலும் எளிய தடைகள்: இணையம் அறுபடுதல், வட்டில் இடமின்மை, பாதி இறங்கிய கோப்பு. 'கூட்டுத்தொகை பொருந்தவில்லை' என்று வந்தால், இறங்கியது களஞ்சியத்தில் உள்ளதற்கு வேறாக இருக்கிறது என்று பொருள். சேமிப்பைத் துடைத்துவிட்டு மீண்டும் இறக்குங்கள். சரிபார்ப்பையே நிறுத்திவிடும் குறுக்குவழியை ஒருபோதும் நாடாதீர்கள்.

'பூட்டைப் பெற இயலவில்லை' என்று வந்தால், மற்றொரு நிறுவல் பின்னணியில் நடந்துகொண்டிருக்கிறது என்று அறிக. உபுண்டு தானாகவே பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவும் நேரமாக இருக்கலாம். பத்து நிமிடம் பொறுங்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடுமாறு கூறுவார் உளர். மேஸ்திரி உள்ளே வேலை செய்யும்போது கதவை உடைத்து நுழைவதற்கு அஃது ஒப்பாகும்.

நான்காம் வாயிலில், நம் ஊருக்கே உரிய பழுது ஒன்று உண்டு. நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிடும். மறுபடி கணினியைத் தொடங்கினால், 'டி.பி.கே.ஜி. இடையில் நின்றது, இக்கட்டளையை இடுக' என்று அக்கட்டளையையும் சேர்த்தே செய்தி கூறும். நோயையும் கூறி மருந்தையும் கையில் கொடுக்கிறது! ஆயினும் படிக்காதவர்கள் இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவத் தொடங்குகிறார்கள்.

சில பொதிகள் ஆயத்தமாக வராமல், நம் கணினியிலேயே கட்டப்படும். அப்போது தொகுப்பான் இல்லாவிடினும், 'பைத்தான்.எச்' போன்ற தலைப்புக் கோப்பு இல்லாவிடினும் நூறு வரிகள் ஓடி, இறுதியில் 'கட்ட இயலவில்லை' என்று முடியும். இங்கே ஒரு பொன்னான விதி: கடைசி வரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேலே சென்று முதற் பிழையைத் தேடுங்கள். கடைசி வரி ஒப்பாரி. முதல் வரியே சாவுக்குக் காரணம். உபுண்டுவில் தொகுப்பானுக்கு 'பில்டு எசென்ஷியல்' என்னும் பொதியும், தலைப்புக் கோப்புகளுக்குப் 'பைத்தான்3 டெவ்' என்னும் பொதியும் உண்டு. இன்னொன்று: 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12 பதிப்பிலிருந்து 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்னும் பழைய கூறு நீக்கப்பட்டுவிட்டது. அதனைத் தேடி நிற்கும் பழைய பொதிகள், புதிய பைத்தானில் அப்படியே நிறுவப்படா. அப்பொதியின் புதிய பதிப்பைத் தேடுங்கள்.

கைநாட்டும் கட்டளையும்

இப்போது அம்மாணவியிடம் திரும்புவோம். நான் அவள் வீட்டிற்குச் சென்றேன். 'ஐயா, கணினியை நான்தான் கெடுத்தேன்' என்று தலைகுனிந்து நின்றாள். 'நீ கெடுக்கவில்லை அம்மா. காலம் முடிந்த பதிப்பு உன் கைக்கு வந்தது. வா, இருவரும் பார்ப்போம்' என்று அழைத்து வந்தேன். பென்டிரைவ் ஒன்றிலிருந்து கணினியை எழுப்பினோம். வட்டில் இருந்த அவளுடைய பயிற்சிக் கோப்புகள் அப்படியே இருந்தன, அவற்றைப் படியெடுத்தோம். பின்னர், 2024 ஏப்ரலில் வெளிவந்து 2029 வரை ஆதரவுள்ள உபுண்டு 24.04 பதிப்பை நிறுவினோம். ஒரு பிற்பகலில் வேலை முடிந்தது. ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. மற்ற ஒன்பது கணினிகளையும் அவளே தன் கையால் செய்து முடித்தாள்.

வேலை முடிந்த பின் அவளிடம் ஒன்று கேட்டேன்: 'வலிந்து நிறுவும் அந்தக் கட்டளையின் பொருள் என்னவென்று தெரிந்தா இட்டாய்?' அவள் சொன்னாள்: 'தெரியாது ஐயா. அவர்கள் போடச் சொன்னார்கள், போட்டேன்.'

அன்பர்களே! இச்சொற்களை நம் பெரியவர்கள் எங்கோ கேட்டிருப்பார்கள். 'என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்' என்று நம் பாட்டன்மார் கூறவில்லையா? படிக்க இயலாத பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் கைநாட்டிலிருந்து விடுபடவே இத்தகைய கழகங்கள் தோன்றின. பொருள் அறியாத கட்டளையை, அதுவும் 'சூடோ' என்னும் முழு அதிகாரச் சொல்லைச் சேர்த்து இடுவது, அதே கைநாட்டை விசைப்பலகையில் வைப்பதாகும்.

இஃது ஏட்டளவு அச்சமன்று. 2016 மார்ச் 22 ஆம் நாள், 'லெஃப்ட் பேட்' என்னும் பொதியை அதனை எழுதியவர் என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அது வெறும் 11 வரிகள் கொண்டது. அதனை நேராகவும் மறைமுகமாகவும் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களின் கட்டுமானம் அன்று நின்றுபோயிற்று. நாம் கேட்டது ஒரு பொதி. அதன் பின்னே நுழைவன எத்தனை என்பதை அந்நாள் உலகிற்கு உணர்த்தியது. 2024 மார்ச் மாத இறுதியில், 'எக்ஸ்.இசட்.' என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அதனைக் கண்டவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர். கணினிக்குள் நுழையும் நேரம் ஏறத்தாழ அரை நொடி கூடியிருந்ததை அவர் கவனித்தார். 'போகட்டும்' என்று விட்டுவிடாமல், காரணத்தைத் தேடிச் சென்றார். அரை நொடியைப் பொருட்படுத்திய ஒருவரால் உலகின் கணினிகள் பல காக்கப்பட்டன. புகழ்பெற்ற பொதியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி நச்சுப் பொதியை வைப்பாரும் உளர். ஆகவே, எழுத்துப் பிழை இங்கே மதிப்பெண்ணை மட்டும் குறைப்பதன்று. வீட்டுக்குள் திருடனை அழைப்பதாகவும் முடியலாம்.

கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்

முதலாவது, ஒரு குறிப்பேடு. நாள், கணினி, இயங்குதளப் பதிப்பு, இட்ட கட்டளை, வந்த செய்தி, கண்ட தீர்வு ஆகிய ஆறையும் எழுதுங்கள். ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். மூன்று மாற்றங்களை ஒருங்கே செய்தால் எது நோயைத் தீர்த்தது, எது புதிய நோயைத் தந்தது என்பது விளங்காது.

இரண்டாவது, எல்லாம் சரியாக ஓடும் நாளில், நிறுவியவற்றின் பதிப்புகளைப் பட்டியலிட்டு வையுங்கள். பிப் கருவியில் 'ஃபிரீஸ்' என்னும் கட்டளை அதனைச் செய்யும், என்.பி.எம். தானே ஒரு பூட்டுக் கோப்பை எழுதும். அதனை அழிக்காதீர்கள். நாளை வேறொரு கணினியில் அதே அமைப்பை எழுப்ப அதுவே துணை.

மூன்றாவது, விடுதிகளில் பத்துக் கணினிகளும் ஒரே மெலிந்த இணையத்தைப் பகிர்கின்றன. 'ஏப்ட் கேச்சர்' என்னும் கருவியை ஒரு கணினியில் அமைத்தால், ஒருமுறை இறங்கிய பொதியை மற்ற ஒன்பதும் அங்கிருந்தே பெறும். பிப் பொதிகளையும் 'டவுன்லோடு' கட்டளையால் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் எடுத்துச் செல்லலாம்.

நான்காவது, கேட்கப் பழகுங்கள். 'ஓடவில்லை' என்று மட்டும் கூறினால் எவராலும் உதவ இயலாது. 'இதனைச் செய்தேன், இதனை எதிர்பார்த்தேன், இச்செய்தி வந்தது, என் பதிப்புகள் இவை' என்று நான்கு வாக்கியங்களில் கேளுங்கள். கேள்வி கேட்பது தாழ்வு என்னும் எண்ணம் நம் பிள்ளைகளின் நெஞ்சில் ஆழ ஊன்றப்பட்டிருக்கிறது. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, கேட்டால் சிரிப்பார்களோ என்று வாய் மூடியிருந்த நாள்கள் எனக்கும் உண்டு. பிழைச்செய்தி எவரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. படிப்பவர் யார் என்று அது கேட்பதும் இல்லை. பேராசிரியருக்கு என்ன சொல்லுமோ அதையே உங்களுக்கும் சொல்லும். அதன் ஆங்கிலம் கடுமையாகத் தோன்றினும், அதில் வரும் சொற்கள் ஐம்பது அறுபதுக்கு மேல் இரா. அவற்றைத் தமிழில் பொருள் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் ஒரு மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

அம்மாணவி அதனைத்தான் செய்தாள். நம் வகுப்பறையின் சுவரில் இன்று தொங்கும் அட்டை அவள் எழுதியது. நான்கு வாயில்களும் நான்கு கட்டங்களாக அதில் உள்ளன. புதிதாக வரும் பிள்ளைகள் திரையில் சிவப்பு வரியைக் கண்டால், இப்போது என்னிடம் ஓடி வருவதில்லை. 'அக்கா' என்று அவளிடம் செல்கின்றனர். அவள் விடையை உடனே சொல்லிவிடுவதில்லை. 'முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசித்துக் காட்டு' என்கிறாள். பாதிப் பிள்ளைகள் வாசித்து முடிப்பதற்குள் தாமே விடையைக் கண்டு திரும்பிவிடுகின்றனர்.

நம் வீடுகளில் இல்லாதிருந்த அந்த அண்ணனும் அக்காளும் இவ்வாறுதான் உருவாகின்றனர். வெள்ளி விழாக் காணும் இக்கழகம் பொன்விழாக் காணும் நாளில், ஒவ்வொரு தெருவிலும் அத்தகைய ஒருவர் இருப்பாராக என்று வாழ்த்துகின்றேன்.